அகல டயரும் பாதி உண்மையும்: பேசின் பிரிட்ஜ் பக்கமிருந்து ஒரு வாசிப்பு

சைக்கிள் கடைகளில் இப்போது அடிக்கடி காதில் விழுகிற வாக்கியம் இது: "அகல டயர் போட்டுக்குங்க சார், சொகுசா போகும்." கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடி இதே கடைகளில் ஒல்லி டயர்தான் உசத்தி. இப்போது பேச்சு மாறிவிட்டது. டயரோடு சேர்த்து 'வைட் ரிம்' என்றொரு சொல்லும் விலைப்பட்டியலில் ஏறிவிட்டது.

இந்த மாற்றத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று ஒரு பத்திரிகை, அதிலிருந்து வளர்ந்த ஒரு புத்தகம். பத்திரிகையின் பெயர் 'பைசிக்கிள் குவார்ட்டர்லி'. புத்தகம், அதன் ஆசிரியர் யான் ஹைனெ எழுதி 2020இல் வந்த 'தி ஆல்-ரோட் பைக் ரெவல்யூஷன்'. ஹைனெ அமெரிக்காவில், சியாட்டிலில் இருப்பவர். அவருடைய டயர் வாதத்தை எடுத்துவந்து பேசின் பிரிட்ஜ் சாலையில் வைத்துப் பார்த்தால் எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

முடிவை முதலிலேயே சொல்லிடறேன். அவர் சொல்கிற இயற்பியல் சரி. ஆனால் அது நம்மிடம் வந்தபோது பாதிதான் வந்தது. 'டயரை அகலமாக்கு' வந்து சேர்ந்தது, 'காற்றைக் குறை' வழியிலேயே நின்றுவிட்டது. அந்தப் பாதியை மட்டும் நம்பிக் காசு செலவழித்தால் சொகுசு கிடைக்காது. சில சமயம் இருந்ததும் போகும். இன்னொரு விஷயம், அந்தப் புத்தகம் மனசில் வைத்திருக்கும் சைக்கிள்காரர் வேறு, இந்தச் சாலையில் தினமும் மிதிக்கிறவர் வேறு.

வாதம் என்ன?

காற்றடைத்த டயர் வந்ததே குலுக்கலைக் குறைக்கத்தான். 1888இல் பெல்ஃபாஸ்ட்டில் ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதைச் செய்தார். இதே யோசனைக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845லேயே காப்புரிமை வாங்கியிருந்தார், ஆனால் அப்போது எடுபடவில்லை. டன்லப் டயர் வந்த மறுவருஷமே, 1889இல், வில்லியம் ஹியூம் என்ற பந்தய வீரர் அதைப் போட்டுக்கொண்டு போட்டிகளை ஜெயித்தார். சொகுசுக்காகச் செய்த பொருள் வேகத்தையும் கொடுத்தது. ஆரம்பத்திலேயே இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

பிறகு பந்தய உலகம் வேறு பக்கம் போனது. 2000களின் தொடக்கம் வரை பந்தய வீரர்கள் 21, 23 மி.மீ. டயரில் 8 பார் அளவுக்குக் காற்றடித்து ஓட்டினார்கள் (1 பார் என்பது சுமார் 14.5 பி.எஸ்.ஐ.). இதற்கு ஆதாரமும் இருந்தது. சோதனைக்கூடத்தில் வழவழப்பான இரும்பு உருளை மேல் டயரை ஓடவிட்டு அளந்தால், காற்று ஏற ஏற உருள்தடை குறைந்துகொண்டே வரும். அளவை பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த உருளையில் மேடு பள்ளம் கிடையாது, மேலே மனுஷனும் கிடையாது.

ஹைனெ செய்தது இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. அவரும் நண்பர்களும் நிஜ ஆள் நிஜச் சாலையில் ஓட்டுகிற மாதிரி அளந்தார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் தூக்கத்தைக் கலைக்கப் போட்டிருக்கும் வரிவரியான ரம்பிள் ஸ்ட்ரிப் மேலேயே, மிதிக்கும் சக்தியை அளக்கும் கருவியோடு ஓட்டிப் பார்த்தார்கள். உடம்பு குலுங்கும்போது தசைகளுக்குள் ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. அந்த ஆற்றலையும் நாம்தான் மிதித்துக் கொடுக்க வேண்டும். அதனால் கரடுமுரடான பரப்பில் கல்லு மாதிரி இருக்கும் டயர் வேகத்தையும் தின்கிறது. அகலமான, மெல்லிய துணி உடம்பு கொண்ட டயரைக் குறைந்த காற்றில் ஓட்டினால் வேகம் குறைவதில்லை, உடம்பும் தப்பிக்கிறது. இதுதான் வாதத்தின் சாரம். இன்று பந்தய சைக்கிள்களே 28, 30 மி.மீ. டயருக்கு வந்துவிட்டன என்பது அதற்கு ஒரு சாட்சி.

ஹைனெ டயர் வியாபாரியும்தான். ரெனே ஹெர்ஸ் என்ற பெயரில் அவருடைய நிறுவனம் விற்பது இந்த மாதிரி அகல டயர்களைத்தான். அதனால் வாதம் பொய் என்று ஆகிவிடாது, ஆனால் நாமே ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. பேப்பரும் பேனாவும் போதும்.

அகலம் மட்டும் கூடினால் என்ன ஆகும்?

டயர் என்பது ஒரு காற்று ஸ்பிரிங். மேலே பாரம் ஏறினால் அடியில் கொஞ்சம் அமுங்கி, தரையில் ஒரு நீள்வட்டத் தடம் பதிகிறது. தடத்தின் பரப்பு பெருக்கல் காற்றழுத்தம், ஏறத்தாழ அதுதான் டயர் தாங்குகிற பாரம்.

இப்போது ஒரே அழுத்தத்தில் இரண்டு டயர் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று 25 மி.மீ., ஒன்று 40 மி.மீ. இரண்டையும் ஒரே ஆழத்துக்கு, உதாரணமாக 3 மி.மீ. அமுக்குங்கள். அகல டயர் தரையில் அதிகப் பரப்பைப் பதிக்கும். பரப்பு அதிகம் என்றால் எதிர்த்துத் தள்ளும் விசையும் அதிகம். அதாவது ஒரே காற்றில் அகல டயர்தான் கடினமான ஸ்பிரிங். எளிய வடிவியல் கணக்கில் இந்தக் கடினம், அழுத்தத்துக்கு நேர்விகிதத்திலும் அகலத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறுகிறது. 25லிருந்து 40க்குப் போனால் 1.6இன் வர்க்கமூலம், அதாவது 1.26 மடங்கு. காற்றைக் குறைக்காமல் டயரை மட்டும் மாற்றினவருக்குக் கிடைப்பது 26 சதவீதம் கூடுதல் கடினம். இந்தக் கணக்கு ரப்பரின் தடிமனைக் கண்டுகொள்வதில்லை. ஆனாலும் திசை மாறாது.

அப்படியென்றால் அகல டயர் எதற்கு? அது கொடுப்பது அனுமதி. காற்றைக் குறைத்தாலும் ரிம் தரையில் இடிக்காமல் இருக்க உயரம் வேண்டும், அந்த உயரத்தை அகல டயர் கொடுக்கிறது. அமெரிக்கப் பொறியாளர் ஃபிராங்க் பெர்ட்டோ டயர்களை அமுக்கி அளந்து பரிந்துரைத்த எண் 15 சதவீதம். ஆள் ஏறி உட்கார்ந்தால் டயர் தன் உயரத்தில் 15 சதவீதம் அமுங்க வேண்டும். 25 மி.மீ. டயருக்கு இது 3.75 மி.மீ., 40 மி.மீ. டயருக்கு 6 மி.மீ. (டயரின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று என்று வைத்துக்கொள்கிறோம்.) ஒரே பாரத்துக்கு 3.75க்குப் பதிலாக 6 மி.மீ. அமுங்கினால் ஸ்பிரிங் 1.6 மடங்கு மெது. அந்த 1.6 மடங்கைப் பெற காற்றை எவ்வளவு குறைக்கணும்? மேலே சொன்ன கணக்கிலேயே வருகிறது: கிட்டத்தட்ட பாதி.

பாதி! விற்கும்போது யாராவது இதைச் சொல்கிறார்களா என்று கவனித்துப் பாருங்கள். இளசுகள் ஆசைப்பட்டு வாங்கும் நாலு அங்குல 'ஃபேட் பைக்' நல்ல உதாரணம். அந்த டயர் மணலிலும் பனியிலும் 1 பாருக்குக் கீழே ஓட்டுவதற்காக உருவானது. அதை பைக் டயர் மாதிரி கம்ப்ரஸரில் 2 பார் அடித்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். டயர் துணியில் வரும் இழுவிசை, அழுத்தம் பெருக்கல் ஆரம். 100 மி.மீ. டயரில் 2 பார், 25 மி.மீ. டயரில் 8 பார், இரண்டிலும் துணியின் இழுவிசை ஒன்றேதான். பார்க்க யானைக்கால், தொட்டால் பந்தயக் குதிரையின் முறுக்கு. அந்தப் பையன் கொடுத்த காசுக்கு எடையும் உருள்தடையும் வந்தன, சொகுசு முழுசாக வரவில்லை.

ரிம் அகலம்: விலைக்குத் தகுந்த வேலையா?

'வைட் ரிம்' பற்றித்தான் எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். இதுவும் கணக்குதான், பள்ளிக்கூட வட்டக் கணக்கு.

ஒரு டயரின் துணி நீளம் மாறாது. அதன் இரண்டு ஓரங்களும் ரிம்மில் உட்காருகின்றன. ரிம்மின் உள் அகலம் கூடினால் ஓரங்கள் விலகும், டயர் கொஞ்சம் விரியும். 19 மி.மீ. உள் அகல ரிம்மில் சரியாக 40 மி.மீ. வருகிற டயரை 25 மி.மீ. ரிம்மில் மாட்டினால் கணக்குப்படி 42.2 மி.மீ. ஆகிறது. ரிம்மில் 6 மி.மீ. கூட்டினால் டயரில் சுமார் 2 மி.மீ. காலிப்பரால் அளந்து பார்த்துச் சந்தோஷப்படலாம்.

ஆனால் குலுக்கலை வாங்கிக்கொள்வது டயரின் உயரம். அது எவ்வளவு ஏறியது? 37.6லிருந்து 38.1. அரை மி.மீ.தான். பெர்ட்டோவின் அதே 15 சதவீத அமுக்கலை வைத்துக்கொண்டால், ஸ்பிரிங்கின் மென்மையில் கிடைக்கும் லாபம் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். ஒரு டயர் வேறு, இன்னொரு டயர் வேறு என்ற வித்தியாசத்திலேயே அது காணாமல் போய்விடும்.

அகல ரிம்முக்கு வேறு வேலை உண்டு, அதை மறுக்கவில்லை. காற்று குறைவாக இருக்கும்போது ஒல்லி ரிம்மில் அகல டயர் திருப்பத்தில் பக்கவாட்டில் நெளியும். அகல ரிம் அதன் காலை அகட்டி நிற்கவைக்கிறது. ஆகவே காற்றைக் குறைப்பவருக்கு அகல ரிம் துணை. காற்றைக் குறைக்காதவருக்கு அது வெறும் அலுமினியம். எந்த ரிம்முக்கு எந்த டயர் என்று சர்வதேச அட்டவணைகள் இருக்கின்றன, அந்த வரம்புக்குள் இருந்தால் போதும். சொகுசுக்காக மட்டும் ரிம் மாற்றுவது செலவுக்கு ஏற்ற வேலை இல்லை.

ஏற்கெனவே அகல டயர் ஓடும் சாலை

இப்போது பேசின் பிரிட்ஜுக்கு வருவோம். தங்கசாலை பக்கமிருந்து வியாசர்பாடி போகிற வழி. ரயில்வே யார்டு ஒரு பக்கம், பக்கிங்காம் கால்வாய் ஒரு பக்கம். கேபிளுக்குத் தோண்டி மூடிய பள்ளங்கள், சாலை மட்டத்துக்கு மேலே துருத்தி நிற்கும் மேன்ஹோல் மூடிகள், பெயர்ந்த பேவர் கற்கள். இன்னும் வடக்கே திருவொற்றியூர், எண்ணூர் போனால் துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகள் அழுத்தி அழுத்தி தார் அலை அலையாக நிற்கும். ஹைனெ தேடிப்போன ரம்பிள் ஸ்ட்ரிப் இங்கே வாசலிலேயே கிடக்கிறது.

இந்தச் சாலையில் வேலைக்காக ஓடும் சைக்கிள் எது? பெரும்பாலும் பழைய ரோட்ஸ்டர். கறுப்பு பிரேம், இரும்புக் கம்பி இழுக்கும் ராட் பிரேக், ஸ்பிரிங் வைத்த சீட்டு, கனமான கேரியர். டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் அம்பத்தூரில் தொடங்கப்பட்டது முதல் இந்த ஊர்க்காரர்களுக்குப் பழகின உருவம். அதன் டயர் ஓரத்தில் 28 × 1½ என்று போட்டிருக்கும். சர்வதேசக் குறியீட்டில் 40-635, அதாவது அகலம் 40 மி.மீ., டயர் ரிம்மில் உட்காரும் வட்டத்தின் விட்டம் 635 மி.மீ. ரிம்மும் ஒல்லி கிடையாது. ராட் பிரேக்கின் கட்டை ரிம்மின் பக்கச் சுவரைப் பிடிக்காமல் உள்வட்டத்தில் போய் அழுத்துகிறது. அதனால் பக்கவாட்டுப் பிரேக்கின் இடுக்கு என்ற தொல்லை டயர் அகலத்துக்குக் கிடையாது.

கவனியுங்கள். 2020இல் 'புரட்சி' என்று புத்தகம் போட்ட அகலம், நம்ம தண்ணி கேன் போடுகிறவர் வண்டியில் ரொம்ப காலமாகவே இருக்கிறது. அகலம்தான் சொகுசு என்றால் பேசின் பிரிட்ஜில் மிதிக்கிற அத்தனை பேரும் சொகுசாகப் போயிருக்கணும். போகவில்லை என்பது அந்தச் சாலையில் ஒரு தடவை ரோட்ஸ்டர் மிதித்தவருக்குத் தெரியும். சீட்டின் ஸ்பிரிங்கும் நீளமான பிரேமும் கொஞ்சம் காப்பாற்றுகின்றன. டயரின் பங்கு ரொம்பக் குறைவு. ஏனென்றால் அது கல்லாக அடிக்கப்பட்டிருக்கிறது.

வால்டியூப்பும் கட்டை விரலும்

ஏன் கல்லாக அடிக்கிறார்கள்? அறியாமை என்று சொல்வது சுலபம். பஞ்சர் கடையில் கேட்டால் பதில் தெளிவாக வரும்: "லோடு வண்டி சார், டைட்டா அடிச்சாத்தான் நிக்கும். லூசா இருந்தா ரிம்மு கல்லுல அடிச்சு டியூபு கட்டாயிடும்." இந்தப் பதிலில் இயற்பியல் தப்பே இல்லை. பள்ளத்தின் விளிம்பில் டயர் முழுசாக அமுங்கினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி இரட்டை ஓட்டை விழும், ரிம் கோட்டம் ஆகும். ஒருத்தருக்கு அது காலை வியாபாரம் போன மாதிரி. கை வலி நாளைக்கும் இருக்கும், தாங்கிக்கொள்ளலாம். பஞ்சர் இன்றைய கூலியைத் தின்னும். கடினமான டயர் அவருக்கு ஒரு இன்ஷூரன்ஸ், பிரீமியத்தை முதுகு கட்டுகிறது.

புத்தகத்தில் இந்தக் கணக்கு இல்லை. அதில் பஞ்சர் என்பது பயணத்தில் வரும் ஒரு தடங்கல். நிறுத்தி, மாற்று டியூப் போட்டு, போய்க்கொண்டே இருக்கலாம்.

இரண்டாவது காரணம் வால்வு. ரோட்ஸ்டர் டியூபில் இருப்பது உட்ஸ் வால்வு. உள்ளே ஒரு சின்ன ரப்பர் குழாய், நம்ம ஊரில் வால்டியூப். வெளியிலிருந்து தள்ளும் காற்று ரப்பரை விலக்கிக்கொண்டு உள்ளே போகும், உள்ளே இருக்கும் காற்று ரப்பரை அழுத்தி வழியை மூடிக்கொள்ளும். மலிவு, எளிமை, எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் ஒரு வழிப் பாதை. கேஜ் வைத்தால் டியூபுக்குள் இருக்கும் அழுத்தம் காட்டாது. கார் டயரில் இருப்பது போல ஊசியை அமுக்கிக் காற்றை வெளியே எட்டிப் பார்க்கவைக்கும் ஏற்பாடு அதில் கிடையாது.

ஆகவே "இத்தனை கிலோ ஆளுக்கு, இத்தனை மி.மீ. டயருக்கு, இத்தனை பார்" என்று போட்டிருக்கும் அழகான அட்டவணைகள் எல்லாம் இந்த வால்வின் முன்னால் செல்லாக்காசு. எண்ணைத் தெரிந்துகொள்ளலாம், அந்த எண்ணுக்கு அடிக்க முடியாது. மிச்சம் இருப்பது கட்டை விரல்.

கட்டை விரலை நான் கேலி செய்ய மாட்டேன். மெல்லிய டயரில் விரல் உணர்வது பெருமளவு துணியின் இழுவிசையை. இழுவிசை அழுத்தம் பெருக்கல் ஆரம் என்று பார்த்தோம். ஒல்லி டயரையும் அகல டயரையும் விரலுக்கு ஒரே மாதிரி படும்வரை அடித்தால், அகல டயரில் தானாகவே குறைந்த காற்றுதான் நிற்கும். விரல் கேஜைவிட ஒரு விஷயத்தில் புத்திசாலி. ஆனால் ரோட்ஸ்டர் டயர் மெல்லியது கிடையாது. தடித்த ரப்பர், தடித்த துணி. பாதிக் காற்றிலேயே விரலுக்கு ஓரளவு இறுக்கமாகத் தெரியும், பாரம் ஏறியதும் தட்டையாகும். ஒரு தடவை இப்படி ஏமாந்தவர் அடுத்த தடவை விரல் வலிக்கிற வரைக்கும் அடிப்பார். இறுக்கம் இப்படித்தான் பழக்கமாகிறது.

முன்னும் பின்னும் ஒன்றா?

புத்தகத்தின் சைக்கிளில் ஆளும் ஒரு சின்னப் பையும்தான் பாரம். முன் பின் சக்கரங்களுக்கு நடுவே பங்கீடு ஓரளவு சமமாகவே இருக்கும். நம்ம வண்டிக்கு ஒரு உதாரணக் கணக்கு: ஆள் 65 கிலோ, சைக்கிள் 20 கிலோ, கேரியரின் இரண்டு பக்கமும் 20 லிட்டர் தண்ணி கேன் ஒவ்வொன்று, அதாவது 40 கிலோ. மொத்தம் 125. கேரியர் பின் அச்சின் மேலேயே இருப்பதால் அந்த 40 கிலோ ஏறக்குறைய முழுசாகப் பின் சக்கரத்துக்குப் போகும். முன்னால் 35, பின்னால் 90 என்று வைத்துக்கொள்வோம். ஒரே அளவு அமுங்க வேண்டுமென்றால் அழுத்தம் பாரத்துக்கு நேர்விகிதம். பின் டயருக்கு முன் டயரைப் போல இரண்டரை மடங்கு காற்று தேவை.

காற்றடிக்கும் இடத்தில் என்ன நடக்கிறது? இரண்டுக்கும் ஒரே இறுக்கம். பின் சக்கரத்துக்கு நியாயமான இறுக்கம் முன் சக்கரத்துக்கும் போய்விடுகிறது, அங்கே அது அநியாயம். முன் சக்கரத்தின் குலுக்கல் நேராக ஃபோர்க் வழியாக ஹேண்டில்பாருக்கு, அங்கிருந்து மணிக்கட்டுக்கு. சீட்டுக்கு ஸ்பிரிங் இருக்கிறது, கைக்கு எதுவும் இல்லை. லாரி பக்கத்தில் உரசிக்கொண்டு போகும்போது முன் சக்கரம் கல்லில் பட்டுத் துள்ளினால் பிடி விடும். அங்கே விஷயம் சொகுசைத் தாண்டிவிடுகிறது.

இந்த ஒரு மாற்றத்துக்கு டயர் வேண்டாம், ரிம் வேண்டாம், பைசா செலவு இல்லை. முன் டயரில் கொஞ்சம் காற்றை விட்டால் போதும். பாரம் குறைவாக இருப்பதால் டியூப் நசுங்கும் பயமும் அங்கே குறைவு. அகலத்தை விற்ற வேகத்தில் இதைச் சொல்ல யாருக்கும் லாபமில்லை, அவ்வளவுதான்.

வேகம் என்ற சாக்கு

புத்தகத்தின் மேல் எனக்கு இருக்கும் பெரிய மனஸ்தாபம் வேறு. அதில் சொகுசு தனியாக நிற்கத் தயங்குகிறது. அகல டயர் நல்லது, *ஏனென்றால்* வேகமும் குறையாது. குலுக்கல் கெட்டது, *ஏனென்றால்* ஆற்றல் வீணாகிறது. படிக்கிறவர்கள் வேகப் பைத்தியங்கள் என்பதால் அவர்களை இப்படித்தான் வளைக்க முடியும், அது புரிகிறது. ஆனால் கேன் போடுகிறவருக்கு, காசிமேட்டிலிருந்து மீன் கூடை கட்டி வருகிறவருக்கு, இரும்புக் கடைக்கு வேலைக்குப் போகிறவருக்கு, சராசரி வேகம் ஒரு பொருட்டே இல்லை. சாயங்காலம் கை மரத்துப்போகாமல் வீடு திரும்புவதே போதுமான காரணம். 'சொகுசு' என்ற நம்ம சொல்லிலும் ஒரு குறை இருக்கிறது, அது காசுக்காரர் வீட்டு மெத்தையை நினைவுபடுத்துகிறது. இங்கே வேண்டியது அசதி குறைவது.

மெல்லிய துணி டயர் பற்றி ஹைனெ சொல்வதும் உண்மைதான். அகலத்தைவிட அது முக்கியம் என்றே அவர் வாதாடுகிறார். நெகிழும் துணி சின்னக் கல்லை விழுங்கிக்கொள்ளும். ஆனால் அந்த மாதிரி இறக்குமதி டயர் ஒரு ஜோடி விலையில் இங்கே புது ரோட்ஸ்டரே வாங்கிவிடலாம். ஆணியும் கண்ணாடித் துண்டும் கிடக்கிற தொழிற்பேட்டைச் சாலையில் தடித்த ரப்பருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த அத்தியாயம் நமக்கு அறிவுக்கு, வாங்குவதற்கு இல்லை.

ஆறு ரூபாய் ஸ்கேல்

எதை எடுத்துக்கொள்ளலாம்? என் கணக்கில், ஹைனெயின் அழுத்த அட்டவணையை விட்டுவிட்டு பெர்ட்டோவின் அமுக்கலை எடுத்துக்கொள்வதுதான் சரி. அழுத்தத்தை நம்ம வால்வில் அளக்க முடியாது. அமுக்கலை அளக்கலாம், பள்ளிக்கூட ஸ்கேல் போதும்.

செய்முறை இதுதான். சக்கரம் தரையை லேசாகத் தொடும்படி வண்டியைத் தூக்கிப் பிடித்து, ரிம்மின் அடி விளிம்பிலிருந்து தரை வரை ஸ்கேலில் அளக்கவும். பிறகு வழக்கமான லோடு ஏற்றி, ஆள் சீட்டில் உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தர் அதே இடத்தில் மறுபடி அளக்கவும். வித்தியாசம்தான் அமுக்கல். 40 மி.மீ. டயருக்கு 15 சதவீதம் என்றால் 6 மி.மீ. முன் சக்கரத்துக்கு அதுவே இருக்கட்டும். பின் சக்கரத்துக்கு, நம்ம பள்ளங்களையும் லோடையும் நினைத்து, 4 அல்லது 5 மி.மீ. வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. டயர் ஓரத்தில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். அந்த நிலையில் ஒரு தடவை கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து மனசில் வைத்துக்கொண்டால், அடுத்த தடவை ஸ்கேலே தேவைப்படாது. விரலுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாகிவிட்டது.

இந்த முறையில் இன்னொரு வசதி. அட்டவணைகள் மெல்லிய டயரை நினைத்துப் போட்டவை. நம்ம தடித்த டயரில் ரப்பரும் கொஞ்சம் பாரத்தைத் தாங்குகிறது. அமுக்கலை நேராக அளக்கும்போது காற்றும் ரப்பரும் சேர்ந்து செய்கிற வேலை அதிலேயே அடங்கிவிடுகிறது.

திருவொற்றியூரில் 1946இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய கொட்டகைதான் பிற்பாடு எம்.ஆர்.எஃப். ஆனது. ரப்பருக்குள் எவ்வளவு காற்று என்ற கேள்வி இந்த வட்டாரத்துக்கு அந்நியமில்லை. ஹைனெயின் புத்தகத்தைப் படியுங்கள் என்றுதான் சொல்வேன். உருளையை விட்டுச் சாலைக்கு வந்து அளந்தவர்களில் அவர் முக்கியமானவர், அந்த மரியாதை அவருக்கு உண்டு. ஆனால் அடுத்த சோதனை 125 கிலோ ஏற்றிய ரோட்ஸ்டரில், வால்டியூப் போட்ட டியூபில், மேன்ஹோல் மூடிகளின் மேல் நடக்க வேண்டும். அது சியாட்டிலில் நடக்காது. நடத்த ஒரு தராசும் ஒரு ஸ்கேலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் போதும். வடசென்னையில் யாராவது ஒரு கல்லூரிப் பிள்ளை பிராஜெக்டாக எடுத்துச் செய்தால், முதல் ஆளாக நான் வண்டி பிடிக்க வருவேன்.